பேரிலக்கியத்தை ஆக்குவோர் யார்?

காலத்தை வென்று நிற்பதே பேரிலக்கியம் என்று பாடநூல்கள் கூறுகின்றன. மாணவரும் அதனை மனனஞ் செய்து விடைத்தாளில் எழுதிவிடுகின்றனர். ஆயின், எந்த நூலும் தானாகக் காலத்தை வெல்வதில்லை. அதனைப் படிப்போரும் கேட்போருமே வெல்லச் செய்கின்றனர். சிலப்பதிகாரத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அந்நூல் பெரும்பாலும் ஏட்டுச்சுவடிகளிலேயே கிடந்தது. கண்ணகி கதையோ மக்களிடையே வாழ்ந்தது. மட்டக்களப்பில் வைகாசித் திங்களில் கண்ணகை அம்மன் கோயில்களிலே வழக்குரை பாடப்பெற, உழவரும் மீனவரும் கேட்டுக் கண்கலங்கினர். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாகப் போற்றினர். அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், சமணப் பெண்ணொருத்தியை வழிபடுவது சைவர்க்கு ஒவ்வாது எனக் கண்டித்தார். கற்றோர் விலக்கியதைக் கல்லாதார் எனப்பட்டோர் காத்தனர் என்பதை நாம் மனங்கொளல் வேண்டும்.

1892இல் உ. வே. சாமிநாதையர் அடியார்க்குநல்லாருரையுடன் காப்பியத்தை அச்சிட்டார். அதன்பின் புதிய வாசகர் கூட்டம் ஒன்று தோன்றியது. தேசிய உணர்வு பெற்ற அவ்வாசகர், மூவேந்தர் நாடுகளையும் இணைத்துப் பாடும் இந்நூலில் தமிழின ஒற்றுமையைக் கண்டனர். ம. பொ. சிவஞானம் அதனை மேடைதோறும் கொண்டு சென்றார்.

அவ்வாறாயின், வாசகர் விரும்பியதெல்லாம் பேரிலக்கியம் ஆகிவிடுமா? ஆகாது. நூலிலும் ஆற்றல் இருத்தல் வேண்டும். அவ்வாற்றல் யாது? வேற்று நாட்டிலிருந்து வந்த எளிய பெண்ணொருத்தி, அரசவை புகுந்து மன்னனிடம் கணக்குக் கேட்கலாம் என்னும் துணிவே அது. அதிகாரத்தின் அநீதி நிலைத்திருக்கும்வரை அக்காட்சி பழையதாகாது.

எனினும், வாசகன் அக்காட்சியோடு நின்றுவிடலாகாது. நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையில் இலங்கைக் கயவாகுவின் பெயர் வருவதால், ஈழத்தவராகிய நாம் அதனை விரும்பி எடுத்துக்காட்டுவோம். அக்கட்டுரையின் தொடக்கமோ வேறொன்றைக் கூறுகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்கு விழவெடுத்தான், மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின. நீர்ப்படைக் காதையும் இதனைக் குறிப்பிடும்.

சிலம்பைத் திருடியவன் ஒருவன். அவன் தொழிலைச் செய்த ஆயிரவர் மாண்டனர். விசாரணையின்றிக் கோவலனைக் கொன்றது அநீதி எனின், விசாரணையின்றி ஆயிரம் உழைப்பாளரைக் கொன்றது எவ்வகை நீதி? அவர்களின் மனைவியர் எந்த அவையிலே வழக்குரைத்தனர்? கண்ணகியின் வழக்கை நெஞ்சார ஏற்ற வாசகனால் இவ்வினாவைக் கேளாதிருக்க முடியாது. இவ்வினாவைக் கேட்கும் அளவுகோலை அவனுக்குத் தந்ததும் அக்காப்பியமே. பேரிலக்கியத்தின் பெருமை இதில் உள்ளது. அது தன்னையே விசாரிக்கும் வாசகனை உருவாக்குகிறது.

மரபு யாருடைய உடைமை என்பது 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்துலகில் கடுமையாக விவாதிக்கப்பட்டது. மரபைத் தூற்றுவோர் என முற்போக்காளர் பழிக்கப்பட்டனர். உண்மையில், வணங்கி மூடிவைப்பதினும் வினாவெழுப்பிப் படிப்பதே மரபுக்குச் செய்யும் மரியாதையாகும். ஆசிரியர்களாகிய நாம் வழக்குரை காதையோடு பாடத்தை முடித்துவிடாமல், அந்த ஆயிரவரைப் பற்றியும் மாணவர் வினவ இடமளிப்போமாக.