அலையாத்தி அலையை ஆற்றியதா?

பிச்சாவரத்தில் படகு ஏறிய கொஞ்ச நேரத்திலேயே இந்த வாக்கியம் வந்துவிடும்: "சுனாமி வந்தப்ப இந்தக் காடுதான் சார் எங்களைக் காப்பாத்துச்சு." போன மாதம் சிதம்பரத்திலிருந்து போயிருந்தபோது எங்கள் படகுக்கார அண்ணனும் அதையே சொன்னார். நானும் தலையாட்டினேன். அலையை ஆற்றுவதால்தான் அலையாத்தி என்று பெயரே வந்தது என்பார்கள். பெயரே சாட்சி சொல்லும்போது யார் மறுப்பது?

வீட்டுக்கு வந்தபிறகு, இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை எடுத்து மறுபடி படித்தேன். தலையாட்டியது கொஞ்சம் அவசரமோ என்று தோன்றியது. அதான் இந்தக் குறிப்பு.

முதல் கட்டுரை ஃபின் டேனியல்சன் முதலானோர் எழுதி, 2005 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. களம் நம்ம கடலூர் மாவட்டக் கரை. ஐந்து ஊர்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கடலை ஒட்டியவை, மூன்று அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருப்பவை. முன்னால் இருந்த இரண்டும் முழுக்க அழிந்தன. பின்னால் இருந்த மூன்றுக்கும் சேதமில்லை. சவுக்குத் தோப்புக்குள் இருந்த ஊர்களுக்குப் பாதிச் சேதம்.

இரண்டாவது கட்டுரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன், ராஜேந்திரனோடு சேர்ந்து எழுதியது. அதுவும் 2005தான். 18 கடலோரக் குடியிருப்புகளில் உயிரிழப்பையும் பொருள் இழப்பையும் கணக்கெடுத்தார்கள். தாவரப் பரப்பு, கடலிலிருந்து தூரம், நிலத்தின் உயரம் மூன்றும் கூடக்கூட இழப்பு குறைந்தது என்பது அவர்கள் முடிவு.

இங்கேதான் சிக்கல். முதல் கட்டுரையில் காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் என்றாலே அது கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர். அப்படியென்றால் காப்பாற்றியது காடா, தூரமா? அந்த ஊர்களுக்கு வடக்கிலும் தெற்கிலும் மரமில்லாத இடங்களில் சேதம் இருந்தது என்று அவர்கள் காட்டுவது ஓரளவுக்குப் பதில்தான். ஆனால் ஐந்து ஊரை வைத்து அதற்குமேல் போக முடியாது.

இரண்டாவது கட்டுரையின் அதே எண்களை வைத்து, 2006-இல் கெர், பெயர்ட், கேம்ப்பெல் மூவரும் மறுபடி கணக்குப் போட்டார்கள். உயிரிழப்பில் ஊருக்கு ஊர் இருந்த வேறுபாட்டில் 87 சதவீதத்தைத் தூரமும் உயரமும் மட்டுமே விளக்கிவிடுகின்றன. தாவரப் பரப்பைச் சேர்த்தால் கூடுவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்றார்கள். காரணம் எளிது. ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, நடுவில் மரம் நிற்க அவ்வளவு இடம் இருக்கும். மரம் அதிகம் என்பது தூரம் அதிகம் என்பதன் நிழல். அதே ஆண்டில் இன்னொரு குழு வேறு விதமாகக் கணக்கிட்டுக் காட்டுக்குச் சாதகமாகவும் எழுதியது. ஆக, 18 ஊர்களின் கணக்கு இந்த வழக்கைத் தீர்க்காது.

என் குறை கதிரேசன் கட்டுரைமீது இல்லை. குடியிருப்புகள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, மேடான இடத்தில், அடர்ந்த தாவரத்துக்குப் பின்னால் இருக்கட்டும் என்றுதான் அதில் பரிந்துரை இருக்கிறது. மூன்று நிபந்தனைகள். நாம் என்ன செய்தோம்? முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஏன் என்றால் அதுதான் சுலபம். மரம் நடலாம், விழா எடுக்கலாம், போட்டோ பிடிக்கலாம். யார் வீடு எவ்வளவு தாழ்வில் இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை.

இது வெறும் ஆராய்ச்சிச் சண்டை இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மோசமாக அடிவாங்கிய ஊர்களில் ஒன்று தேவனாம்பட்டினம். பக்கத்திலேயே சில்வர் பீச். அங்கே அலையாத்தி நட முடியாது. அலையாத்திக்குச் சேறு வேண்டும், கழிமுகத்தின் அமைதி வேண்டும். திறந்த கடல் நேராக வந்து அறையும் மணல்கரையில் அது வேர் பிடிக்காது. கெடிலம், உப்பனாறு ஓரங்களில் வேண்டுமானால் வளரும். அதாவது, கவசம் அதிகம் தேவைப்படும் இடத்தில் இந்தக் கவசம் கிடைக்காது.

மணல்கரைக்கு இயற்கை கொடுத்த காப்பு மணல்மேடு. அடம்புக்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் கடற்கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்றால் பல இடங்களில் முதலில் நடப்பது அந்த மேட்டைச் சமன்செய்வதுதான். கடல் தெரிய வேண்டுமே! நடைபாதை, பெஞ்சு, வண்டி நிறுத்த இடம் எல்லாம் வரும். உயரம் போய்விடும். அப்புறம் அரிப்பு என்றால் கல் கொட்டுவோம். அதன் கதையைப் பார்க்கப் பாண்டிச்சேரி வரை போனால் போதும். 1980களின் கடைசியில் அங்கே துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அதில் தடுக்கப்பட்டது. நகரக் கடற்கரை கல்குவியலாகி, அரிப்பு வடக்கே இருந்த மீனவ ஊர்களுக்குப் போனது.

அப்போ எல்லோரையும் உள்ளே தள்ளிவிடலாமா? 2005 மார்ச்சில் தமிழக அரசு கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அதற்கு அப்பால் போனால் இலவச வீடு. அங்கேயே இருந்தால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள்ளலாம், அரசு உதவி கிடையாது. தூரம் உயிர் காக்கும் என்பது கணக்குப்படி சரி. ஆனால் படகையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டியவருக்குத் தூரம் என்பது தினசரிச் செலவு. பயம் என்று அவரை நகர்த்திவிட்டு, அதே கரையில் பூங்கா போட்டால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

மிச்சம் இருப்பது உயரம். மணல்மேட்டைத் தொடாமல் விடுவது, வீட்டு அஸ்திவாரத்தை உயர்த்துவது, ஓடிச் சேர ஒரு மேடான கட்டடம், அதுவரை தடையில்லாத தெரு. கவர்ச்சியே இல்லாத வேலைகள். ஆனால் 87 சதவீதக் கணக்கு கைகாட்டும் திசை இதுதான்.

பிச்சாவரத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அன்றாட அலையைத் தணிக்கிறது, சேற்றைப் பிடிக்கிறது, இறாலும் மீனும் குஞ்சாக வளரும் இடம் அது. நல்ல பொறியியலுக்கு அங்கேயே பாடமும் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி மொட்டையாக வெட்டிய இடங்களில், வெயிலில் மண் காய்ந்து தாழ்ந்து, தொட்டி மாதிரி குழிந்து, ஓதத் தண்ணீர் தேங்கி உப்பேறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் வந்துபோக வழி செய்தபிறகுதான் கன்று பிழைத்தது. முதலில் மட்டம் பார்த்தார்கள், பிறகுதான் நட்டார்கள்.

சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லையும் இந்தக் காட்டு மரம்தான். அந்த மரம்மேல் நமக்குப் பிரியம் இருக்கட்டும். ஆனால் அடுத்த தடவை படகுக்கார அண்ணன் அந்த வாக்கியத்தைச் சொன்னால், தலையாட்டுவதோடு இன்னொன்றும் கேட்பேன்: "உங்க வீடு எவ்வளவு மேட்டுல இருக்குண்ணே?"