வானூர்தி வடிவிலே மரபும் வழக்கமும்

ஒரு பொருளைப் போல இன்னொரு பொருள் இருத்தலைக் கண்டவுடன், பின்னையது முன்னையதைப் பார்த்துச் செய்யப்பட்டதென முடிவு கட்டுதல் எளிது. இலக்கிய ஆராய்ச்சியிலே இத்தகைய முடிவுகள் எத்துணைப் பிழைகளுக்கு இடந்தந்துள்ளன என்பதை அறிஞர் அறிவர். வானூர்திகளைப் பற்றிய பேச்சிலும் இப்பிழை நிகழ்கின்றது. இக்காலப் பிரயாணி விமானங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. 1950ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்டவற்றையும் ஒத்திருக்கின்றன. ஆதலின் அவற்றை வகுப்போரிடம் கற்பனை வற்றிவிட்டது என்பது பலருங் கூறும் குறை. இக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும் ஒப்புமையின் வகைகளைப் பிரித்தறியாது கூறப்படுவது. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என நன்னூலார் மூவகைப்படுத்தினார். அப்பகுப்பை மனத்திற்கொண்டு வானூர்திகளை நோக்கின், ஒப்புமை ஒருவகைத்தன்று என்பது புலனாகும்.

தாரை விமானங்களுள் முதனூல் எனத்தக்கது இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் கொமெற். 1949 யூலை 27இல் அது முதன்முதற் பறந்தது. 1952 மே 2இல் இலண்டனிலிருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றது. அதன் நான்கு இயந்திரங்களும் சிறகு உடலோடு பொருந்துமிடத்திற் புதைந்திருந்தன. 1954ஆம் ஆண்டு சனவரியிலும் ஏப்பிரலிலும் இரு கொமெற் விமானங்கள் வானத்திலே சிதறி மத்தியதரைக் கடற்பகுதியில் வீழ்ந்தன. பாண்பறோவில் ஓர் விமானத்தின் உடலை நீர்த்தொட்டியிலிட்டு, உள்ளமுக்கத்தை மீண்டும் மீண்டும் ஏற்றியிறக்கிச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. சாளரம் முதலிய திறப்புக்களின் மூலைகளில் அழுத்தம் குவிய, உலோகம் களைப்புற்றுப் பிளந்தது. திறப்புக்களின் ஓரங்களை அமைப்பதிலும் களைப்பைச் சோதிப்பதிலும் பின்வந்தோர் காட்டிய கவனம் அந்த இழப்பிலிருந்து பெற்ற கல்வியாம்.

எனினும், நிலைத்து நின்ற வடிவம் கொமெற்றினுடையதன்று. 1947 டிசம்பர் 17இற் பறந்த போயிங் பி 47 என்னும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்திலே அது தோன்றியது. பின்னோக்கி 35 பாகை சாய்ந்த சிறகு. அச்சிறகின் கீழே தனிக்கூடுகளிற் தொங்கும் இயந்திரங்கள். 1954 யூலை 15இற் பறந்த போயிங்கின் மாதிரி விமானமும், அதன் வழிவந்து 1958இற் சேவைக்கு வந்த 707உம் இவ்வடிவையே கொண்டன. ஒலியின் வேகத்தை அணுகும்போது எழும் காற்றுத்தடையைச் சாய்ந்த சிறகு பிற்படுத்துகின்றது. தொங்கும் இயந்திரம் தன் பாரத்தினாற் சிறகு மேல்நோக்கி வளைவதைத் தணிக்கின்றது. தீப்பற்றினும் உடலுக்கு எட்டத்தே நிற்கின்றது. பழுதுபார்ப்போன் கைக்கு எட்டுகின்றது. பெரிதாயின் மாற்றியமைக்கவும் இடந்தருகின்றது. புதைந்த இயந்திரத்துக்கு இந்நன்மைகள் இல. இன்றைய போயிங் 787உம் எயர்பஸ் ஏ 350உம் 707இன் சாயலைக் காட்டுவது இக்காரணங்களினாலேயே. சுறா மீனினம், ஓங்கில் பாலூட்டியினம். எனினும் நீரைக் கிழித்துச் செல்லும் தேவை இரண்டுக்கும் ஒத்த வடிவைத் தந்தது. அதனைப் பார்த்தெழுதல் என்பார் யாருமிலர்.

2009இல் முதற் பறந்த 787இன் முகப்பைக் கண்டோர் பலர் கொமெற்றை நினைத்தனர். இடைப்பட்ட காலத்து விமானங்கள் பலவற்றில், முன்கண்ணாடி நெற்றியோடு சேருமிடத்தில் ஒரு முறிவு தெரியும். கொமெற்றிலும் 787இலும் கண்ணாடி உடலின் வளைவோடு இழைந்து செல்கின்றது. காற்றை அமைதியாகப் பிரித்தனுப்ப வேண்டுமென்ற ஒரே வினாவுக்கு இரு தலைமுறையார் கண்ட விடை என இதனை விளக்கலாம்; கடன் வாங்கினர் எனக் கொள்ள வேண்டுவதில்லை. கடன் வாங்கிய முகப்பும் உண்டு. 1955இற் பறந்த பிரான்சு தேசத்துக் கறவெல், கொமெற்றின் முகப்பை உரிமை பெற்றே தனதாக்கியது. இயந்திரங்களையோ வாலருகிலே தானாக அமைத்தது. சிறிதொத்துப் பெரிதும் வேறுபடும் இதனைச் சார்புநூல் எனலாம்.

இனி வழிநூலைப் பார்ப்போம். போயிங்கின் மாதிரி விமானத்தின் உடல் 132 அங்குல அகலமுடையது. போட்டியாளராகிய டக்ளஸ் தமது டி.சி. 8இற்கு 147 அங்குலம் வகுக்கவே, 707இன் அகலம் 148 அங்குலமாயிற்று. ஓரங்குலப் போட்டியிற் பிறந்த அவ்வளவு 727, 737, 757 ஆகிய மூன்றுக்கும் முதுசொமாயிற்று. இன்று புதிய 737 ஒன்றில் அமர்வோர், 1950ஆம் ஆண்டுகளில் வரையப்பட்ட அகலத்துக்குள்ளேயே அமர்கின்றனர். இதற்கும் காரணம் உண்டு. 1943இற் பறந்த லொக்ஹீட் கொன்ஸ்ரலேசனின் உடல் மீனைப்போல வளைந்து அழகு செய்தது. ஆனால் வளைந்த உடலை ஆக்குதல் அருஞ்செலவு, நீட்டுதல் அதனினும் அரிது. நேரான குழாயோ வேண்டியவாறு நீளும். அழகு தோற்றது, பயன் வென்றது.

ஆயினும் வழிநூலுக்கு ஓர் எல்லையுண்டு என்பதை 737இன் வரலாறு கற்பிக்கின்றது. 1967இல் அது முதற் பறந்தபோது, சிறிய நிலையங்களிற் படியும் ஏணியும் தேடாது ஆளும் பொதியும் ஏறத்தக்கதாய்த் தரைக்கு அண்மையாக நிறுத்தப்பட்டது. அன்றைய இயந்திரங்கள் ஒடுங்கியவை. சிறகின் கீழே அடங்கின. 1984இற் பறந்த 737-300இல் அகன்ற இயந்திரம் பொருத்தப்பட்டபோது, அதன் வாயின் அடிப்புறத்தைத் தட்டையாக்க நேர்ந்தது. 2016இற் பறந்த மாக்ஸ் வகையில் இயந்திரம் மேலும் பருத்தமையால், அதனை முன்னும் மேலும் நகர்த்தினர். அதனால் சில நிலைகளில் முகப்பு மேலெழும் போக்கு மிகுந்தது. இதனைத் தணிக்கத் தானே இயங்கும் ஓர் ஏற்பாட்டை அமைத்தனர். அது கோணமளக்கும் ஒரேயொரு கருவியின் சொல்லை நம்பியது. விமானிகளுக்குப் புதுப் பயிற்சி வேண்டாவகை பழைய 737ஆகவே அது கொள்ளப்படவேண்டுமென்பது நோக்கமாதலின், அவ்வேற்பாடு விமானிகளின் கைந்நூலிலும் விளக்கப்படவில்லை. 2018 ஒக்டோபர் 29இல் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சு 10இல் எதியோப்பியாவிலுமாக 346 பேர் மாண்டனர். அதன் பின்னரே உலகெங்கும் அவ்விமானம் நிறுத்திவைக்கப்பட்டுத் திருத்தம் பெற்றது.

பழமையைப் பேணியதே குற்றம் என்று இதனாற் கூறுதல் பொருந்தாது. 1987இற் பறந்த எயர்பஸ் ஏ 320உம் 2014இற் புதிய பெரிய இயந்திரங்களோடு மீண்டும் பறந்தது. அங்கும் நோக்கம் செலவுச் சுருக்கமே. ஆனால் அது தொடக்கத்திலேயே உயர்ந்த கால்களில் நின்றமையாற் புதியதற்கு இடமிருந்தது. விமானிக்குப் பழகிய அறையும் பழகிய கைப்பிடியும் காப்பாவன என்பதும் உண்மை. 737இலோ, வடிவைத் தோற்றுவித்த தேவை போனபின்னும் வடிவு நின்றது. அதனை மாற்றாது, மாற்றத்தை மறைத்தனர். குற்றம் ஈண்டே உளது.

ஆதலின், புதிய விமானம் பழையதை ஒத்திருக்கின்றதா என்ற வினா ஆராய்ச்சிக்குப் போதாது. எக்காரணத்தால் ஒத்திருக்கின்றது, அக்காரணம் இன்னும் உளதா என்பனவே வினவத்தக்கன. காரணம் நிலவும் வரையில் ஒப்புமை மரபாகும். காரணம் ஒழிந்தபின் அது வெறும் வழக்கமாகும். சாய்ந்த சிறகு முன்னதற்குச் சான்று. தாழ்ந்த கால் பின்னதற்குச் சான்று. இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதல் நூலாய்வார்க்குச் சுவையின்பாற்பட்டது. வானூர்தி வகுப்பார்க்கோ உயிரின்பாற்பட்டது.