பந்தயக் குட்டியைப் பார்க்கும் கண்

2006-இல் ஃபுளோரிடாவில் நடந்த ஏலத்தில் ‘தி கிரீன் மங்கி’ என்ற இரண்டு வயதுத் தரோபிரெட் இனப் பந்தயக் குதிரை 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு விலைபோனது. வியக்கவைக்கும் உடல் கொண்ட அது, ஒரு ஃபர்லாங்கை, அதாவது சுமார் 200 மீட்டரை, 9.8 வினாடியில் ஓடியும் காட்டியிருந்தது. மூன்று பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலும் வெல்லவில்லை. 1975-இல் கென்டக்கியில் ஒரு வயதுக் குட்டியாக 17,500 டாலருக்கு விற்கப்பட்ட ‘சியாட்டில் ஸ்லூ’வுக்கோ வலது முன்னங்கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. 1977-இல் அது தோல்வியே காணாமல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது. இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்து, உடலமைப்பைப் பார்ப்பதே வீண்வேலை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் உடலமைப்பிடம் தவறான கேள்வியைக் கேட்கிறார்கள் என்பேன். எவ்வளவு வேகமாக ஓடும் என்று கேட்டால் அது பதில் சொல்லாது. ஓட்டத்தின் பாரத்தை இந்த உடல் எப்படிப் பங்கிட்டுத் தாங்கும் என்று கேட்டால் தெளிவாகப் பேசும். அந்தக் கேள்வியோடு பார்ப்பவருக்குத்தான் குட்டியின் உடலைப் பார்த்தறியும் ரசனை வசப்படும்.

பாரம் எவ்வளவு என்பதிலிருந்தே தொடங்குவோம். வளர்ந்த தரோபிரெட் ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ இருக்கும். முழு வேகப் பாய்ச்சலில் ஒரு கணம் ஒற்றைக் கால் மட்டுமே தரையில் ஊன்றியிருக்கும். அப்போது அந்தக் காலில் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை இறங்குகிறது. அதாவது ஒரு டன்னுக்கும் மேல். நிற்கும்போதுகூட எடையில் ஐந்தில் மூன்று பங்கை முன்னங்கால்களே சுமக்கின்றன. ஆனால் முன்னங்கால் முட்டிக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. எலும்பும் தசைநாணும் தசைநார்களும்தான். குதிரைக்குக் காறை எலும்பும் கிடையாது. முன்னங்கால்கள் தசைகளால் மட்டுமே உடலோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. இத்தகைய காலில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நேராக அமைந்தால் விசை எல்லாவற்றிலும் பரவும். சற்று விலகினால் ஏதோ ஒரு மூலையில் குவியும். ஒவ்வொரு நாள் பயிற்சியும் அந்த மூலையைத் தேய்க்கும். உடலமைப்பு பற்றிய விதிகள் எல்லாம் இந்த ஒரே உண்மையிலிருந்து பிறந்தவை.

எனவே ஒரு வயதுக் குட்டியைப் பார்க்க வரும்போது, முதலில் பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் நின்று முழு உடலையும் பாருங்கள். தோள், முதுகு, பின்புறம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ சம அளவில் ஒன்றுக்குள் ஒன்று இழைந்து வருகின்றனவா? தோள்பட்டை நன்கு சாய்ந்திருந்தால் முன்னங்கால் தாராளமாக முன்னே நீளும், ஊன்றும்போது அதிர்ச்சியும் குறையும். தோள் செங்குத்தாக நின்றால் எட்டு குறுகும், அடி கனமாக விழும். பின்புறம்தான் உந்துவிசையின் இருப்பிடம். அங்கே நீளமும் திரண்ட தசையும் வேண்டும். அடுத்து மார்பின் ஆழம். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும்; பாய்ச்சலில் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு மூச்சுதான். அகன்ற நாசி, தாடை எலும்புகளுக்கிடையே நல்ல இடைவெளி, விலா விரிய இடம் ஆகியவை இருந்தால்தான் அந்தக் கணக்கு தடுமாறாது. பின்புறம் தோளைவிட உயர்ந்திருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். இந்த வயதில் உடலின் முன்பாதியும் பின்பாதியும் முறைவைத்து வளரும். இன்று தாழ்ந்திருக்கும் முன்பக்கம் சில மாதங்களில் எட்டிப் பிடித்துவிடலாம்.

பிறகு கால்களுக்கு வாருங்கள், அதுவும் குளம்பிலிருந்து மேல்நோக்கி. முன்னால் நின்று பார்க்கும்போது, கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு விடுவதைப் போலத் தோள்முனையிலிருந்து ஒரு கோட்டை மனத்தில் இறக்குங்கள். அது முட்டி, கணுமூட்டு, குளம்பு மூன்றின் நடுவிலும் செல்ல வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் முட்டி பின்னோக்கி வளைந்திருக்கக் கூடாது. நமது மணிக்கட்டுக்கு ஈடான அந்த முட்டிக்குள் இரண்டு வரிசையாகச் சிறு எலும்புகள் இருக்கின்றன. முட்டி பின்வளைந்தால் அவற்றின் முன்விளிம்புகள் ஒன்றோடொன்று நசுங்கிச் சில்லு பெயரும். முட்டி சற்று முன்னே தள்ளி நிற்பது கண்ணுக்கு அழகாக இல்லாவிட்டாலும் ஆபத்து குறைந்தது. கணுமூட்டுக்கும் குளம்புக்கும் இடைப்பட்ட பாஸ்டர்ன் என்ற பகுதி மிக நீண்டு தாழ்ந்தால் தசைநாண்கள் இழுபடும். குட்டையாகச் செங்குத்தாக நின்றால் அதிர்ச்சி நேரே எலும்புக்குப் போகும். பின்னங்காலின் நடுவிலுள்ள ஹாக் மூட்டு அளவுக்கு மீறி நேராக நிற்பதும் அரிவாள்போல் வளைவதும் இரண்டுமே சுமைதான்.

நேர்கோடே இறுதித் தீர்ப்பு என்று இங்கே முடித்துவிடக் கூடாது. பிறந்த குட்டியின் மார்பு குறுகலாக இருப்பதால் முட்டிகள் சற்று உள்வாங்கி, குளம்புகள் வெளியே பார்ப்பது இயல்பு. மார்பு அகல அகல முழங்கைகள் விலகிக் கால் உள்நோக்கித் திரும்பும். அதனால் மெலிந்த மார்போடு லேசாக வெளிநோக்கி நிற்கும் குட்டி பின்னர் நேராகலாம். பிறந்ததுமே அம்புபோல் நேராக நின்றது அகலமடைந்தபின் உள்நோக்கித் திரும்பியும் விடலாம். 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஆண்டர்சன், மெக்கில்ரெய்த் முதலான ஆய்வாளர்கள், முட்டிகள் சற்று உள்வாங்கிய அமைப்பு முட்டி எலும்பு முறிவைக் குறைப்பதாகவே கண்டார்கள். விற்பனைக்காக அறுவைச் சிகிச்சை செய்து கால்களை நேராக்கும் வழக்கமும் சந்தையில் உண்டு என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும். விலையை உயர்த்தும் நேர்த்தி எல்லாம் குதிரைக்கு நன்மையாக அமைவதில்லை. பாரம் எங்கே போகிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு அளவுகோலை மட்டும் பிடித்துக்கொண்டால் கண் ஏமாறும்.

அந்தக் கேள்விக்கு நேரடியான விடை நடையில் கிடைக்கிறது. குட்டியை உங்களை நோக்கி நடத்தச் சொல்லுங்கள், பிறகு விலகிப் போகச் சொல்லுங்கள், கடைசியாகப் பக்கவாட்டில். குளம்பு உள்ளே வளைந்து எதிர்க்காலை உரசுகிறதா, வெளியே துடுப்பு வலிப்பதுபோல் சுழல்கிறதா? பக்கவாட்டில், முன்குளம்பு பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்குளம்பு விழுகிறதா? தோள் தளர்ந்து அசைய, தலை ஒரு தாளத்தில் தாழ்ந்து உயர, அவசரமில்லாமல் நிலத்தை வாரிக்கொண்டு போகும் நடை, உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்திருப்பதன் சான்று. நிற்கும்போது கண்ட குறை நடையில் மறைந்தால் அதன் எடை குறைவு. நிற்கும்போது தெரியாத குறை நடையில் வெளிப்பட்டால் அதை நம்புங்கள்.

இனி சியாட்டில் ஸ்லூவைக் காட்டி எழுப்பப்படும் எதிர்வாதம். இன்னும் வலுவான சாட்சி ‘ஜான் ஹென்றி’. முட்டி பின்வளைந்த அந்தக் குதிரை 1,100 டாலருக்கு விலைபோய், 83 பந்தயங்களில் 39-ஐ வென்று, 65 லட்சம் டாலருக்கு மேல் பரிசு ஈட்டியது. ஆனால் கோணல் காலோடு வென்றவற்றின் பெயர்தான் வரலாற்றில் நிற்கிறது. அதே குறையோடு பயிற்சியிலேயே நொண்டி விலகியவற்றை யாரும் நினைவில் வைப்பதில்லை. விதிவிலக்கு நம் நினைவில் நிற்பதே அது அரிது என்பதால்தான். இந்தக் குதிரைகள் கற்பிக்கும் பாடம் வேறு: குறைகளை எண்ணக் கூடாது, நிறுக்க வேண்டும். இலகுவான உடலும் நல்ல நடையும் உள்ள குட்டி லேசான கோணலைச் சமாளிக்கும். அதே கோணல் கனத்த உடலின் கீழ் இருந்தால் தாங்காது. உயரத்தையும் இப்படியே நிறுக்க வேண்டும். ஒரு வயதில் கேட்ட 25,000 டாலர் கிடைக்காமல் திரும்பிய குள்ளமான ‘நார்தர்ன் டான்சர்’, 1964-இல் கென்டக்கி டெர்பியைச் சாதனை நேரமான இரண்டு நிமிடத்தில் வென்றது.

எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் மரபணுச் சோதனையும் வந்தபின் கண் எதற்கு என்பது அடுத்த எதிர்வாதம். 2010-இல் டப்ளினில் எம்மலின் ஹில் குழுவினர், மயோஸ்டாட்டின் மரபணுவின் வகை ஒரு குதிரை குறுந்தூரத்துக்கா நெடுந்தூரத்துக்கா என்பதோடு தொடர்புடையது என்று காட்டினார்கள். இவை உண்மையான உதவிகள். கண்ணுக்கு எட்டாததை எட்டுகின்றன. புகழ்பெற்ற பந்தயக் குதிரை ‘செக்ரடேரியட்’ இறந்தபின் அதன் இதயம் சுமார் பத்து கிலோ, அதாவது வழக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேல் இருக்கும் என்று மருத்துவர் மதிப்பிட்டார். வெளியே நின்று யார் அதைக் கண்டிருக்க முடியும்? ஆனாலும் சோதனைகள் உறுப்புகளைத் தனித்தனியே சொல்கின்றன. அவை சேர்ந்து இயங்கும் விதத்தை நடையைப் பார்க்கும் கண்தான் சொல்கிறது.

இதைப் பழக ஏலத்தில் பணம் கட்டத் தேவையில்லை. டாட்டர்சால்ஸ், கீன்லாண்ட் போன்ற ஏல நிறுவனங்களின் குட்டிகள் நடக்கும் காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. பந்தயத் திடல்களில் ஓட்டத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். வம்சத்தையும் விலையையும் பார்க்கும் முன் உங்கள் கணிப்பை எழுதி வையுங்கள்: பாரம் எங்கே குவியும், எந்தக் குறையை எந்த நிறை ஈடுசெய்யும், இந்த உடல் எத்தனை பருவம் தாங்கும். பின்னர் அந்தக் குதிரை எத்தனை முறை ஓடியது, எப்போது ஓய்வுக்குப் போனது என்று தொடர்ந்து பாருங்கள். வென்றதா என்பதைவிட, நலமாக ஓடிக்கொண்டே இருந்ததா என்பதை வைத்து உங்கள் கண்ணைச் சோதியுங்கள். குதிரையின் நலமும் பார்ப்பவரின் ரசனையும் சேருமிடம் அந்தச் சோதனைதான்.