வில்லன் இல்லாத முறிவு

மார்ட்டின் மெக்டோனாவின் ‘தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்’ 2022இல் வந்ததிலிருந்து ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது: நட்பு முறிவைக் கருப்பு நகைச்சுவையாக எடுக்க அயர்லாந்துத் தீவு வேண்டும், நண்பனுக்கு உயிரையே கொடுக்கும் தமிழ் ரசிகனுக்கு அதெல்லாம் ஒட்டாது. இதில் பாதி சோம்பல், மீதி தாழ்வு மனப்பான்மை.

கதை எளிது. 1923. ஃபிடில் வாசிக்கும் கோல்ம், தினமும் கூட உட்கார்ந்து குடிக்கும் பாட்ரிக்கிடம் இனி உன் சகவாசமே வேண்டாம் என்கிறான். மீறிப் பேசினால் தன் விரலையே வெட்டிப்போடுவதாக மிரட்டுகிறான், வெட்டியும் விடுகிறான். நடுவில் பெண்ணில்லை, பணமில்லை, துரோகமில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

‘கர்ணன்’ (1964), ‘தளபதி’ (1991) இரண்டிலும் நட்பு முறியாது. ‘அண்ணாமலை’ (1992) முறித்துப் பார்த்தது. பால்காரன் வீட்டை இடித்த பாவத்தைப் பணக்கார நண்பனின் அப்பா தலையில் கட்டி, கடைசியில் இருவரையும் சேர்த்துவைத்துவிட்டது. ‘சுப்பிரமணியபுரம்’ (2008) சமரசத்துக்கு மறுத்தது. ஆனால் அங்கும் நண்பன் காசி விலைபோகிறான். ‘நாடோடிகள்’ (2009) இன்னும் நெருங்கி வந்தது: காதலைச் சேர்த்துவைக்கப் போன இடத்தில் ஒருவனுக்குக் கால் போகிறது, இன்னொருவனுக்குக் காது போகிறது, சேர்ந்த ஜோடியோ பிரிந்துவிடுகிறது. இந்த அபத்தத்துக்குள்ளேயே சிரிப்பு இருந்தது. சமுத்திரக்கனி அதைப் பிரசங்கமாக்கிவிட்டார்.

அந்தச் சிரிப்பு காமெடி டிராக்கில் கிடந்தது. ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழத்தை யாரும் மறக்கவில்லை. இரண்டு பழத்துக்குக் காசு கொடுத்த கவுண்டமணியிடம், ஒன்றைத் தின்றுவிட்ட செந்தில், கையிலிருப்பதே அந்த இன்னொன்று என்று சாதிக்கிறார். கவுண்டமணி கத்துகிறார், அடிக்கிறார், ஆனாலும் விலகிப் போக முடியாது. அதே குழு, அதே ஓட்டைக் கார். தீவு என்பது வேறென்ன?

இந்தக் குரூரத்தை டிராக்கிலிருந்து கதைக்குள் கொண்டுவந்தவர் ‘மண்டேலா’ (2021) எடுத்த மடோன் அஸ்வின். ஒரே ஊர், ஒரே அப்பனுக்குப் பிறந்த இரு பகையாளிகள், நடுவில் முடிதிருத்துபவரின் ஒற்றை ஓட்டு. கூர்மையான படம், ஆனால் அங்கும் பகைக்குச் சாதியும் பதவியும் காரணமாக நிற்கின்றன.

காரணமே இல்லாத முறிவுக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்து ராஜுக்கள் கோட்டை கோட்டையாகப் பிரிந்து சாவடிகளில் கூடுகிறவர்கள். பேச்சு வார்த்தை அற்றுப்போன இருவரும் நல்லது கெட்டதுக்கு அதே சாவடிக்குத்தான் வந்தாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்குப் போனால் அங்கும் ஒரே வடம். பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் அவரே. வெட்டிய விரலுக்குக் கட்டுப்போட, பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டியும் பக்கத்திலேயே இருக்கிறது.

இயக்குநர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடைவேளைக்குப் பிறகு ஒரு வில்லனைக் கொண்டுவந்து நண்பர்களைக் காப்பாற்றாதீர்கள். ஏன் பேசுவதில்லை என்று கேட்டால், பிடிக்கவில்லை என்று மட்டும் விலகிய நண்பர் சொல்லட்டும். ரசிகர்கள் எப்போதோ தயார். தயங்குவது நம் திரைக்கதைதான்.