கிரீடமும் சீர்த்தட்டும்

பிரம்மதேசத்தில் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தெருமுனையில் பேனர். கணினியில் ஒட்டிய அரண்மனை, அதன் முன்னே கிரீடத்தோடு பன்னிரண்டு வயசுப் பிள்ளை, மேலே 'எங்கள் வீட்டு இளவரசி'. அவளைச் சுற்றி வட்டவட்டமாக ஆண்களின் படங்கள். தாய்மாமன் என்கிற முறையில் என் படம் முதலில். அந்தக் கிரீடமும் திண்டிவனத்தில் நான் வாங்கியதுதான். சீர்த்தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

2000த்தை ஒட்டி டிஸ்னி நிறுவனம் வெவ்வேறு கதைகளின் நாயகிகளைப் பிய்த்தெடுத்து 'டிஸ்னி பிரின்சஸ்' என்ற ஒரே வணிகப் பெயரில் அடுக்கியது. தொடக்கத்தில், சேர்ந்து நிற்கும் படங்களில்கூட ஒருத்தி இன்னொருத்தியைப் பார்க்காத மாதிரிதான் வரைந்தார்கள். கதை போய்விட்டது, கவுன், கிரீடம், பென்சில் டப்பா என்று விற்கத்தக்க பிம்பம் மிச்சம். இதை மேலைநாட்டுச் சீரழிவு என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் பிம்பம் நம் சடங்குக்குள் இவ்வளவு சுலபமாக வந்து உட்கார்ந்தது ஏன்? பெண்ணுடல் தயார் என்று சாதிசனத்துக்கு அறிவிக்கும் சடங்கு இது. அந்த அறிவிப்புக்கு இப்போது நுகர்வுச் சொல்லாடல் வாய்த்துவிட்டது, அவ்வளவுதான்.

'அப்ப நம்ம குந்தவையைக் காட்டுங்க' என்கிறார் நண்பர். 2022இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது நகைக்கடைகளும் சோழர் பாணி என்று விளம்பரம் செய்தன. திண்டிவனம் பக்கம் தாதாபுரத்தில் குந்தவை சிவனுக்கும் பெருமாளுக்கும் சமணத்துக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சொத்தைத் தன் பேரில் கொடுக்கும் உரிமை அவளுக்கு இருந்தது. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் வேறு பெண்களும் இருக்கிறார்கள்: பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். கடை விற்கும் இளவரசியிடம் குந்தவையின் சொத்துரிமையும் கிடையாது, இந்தப் பெண்களின் உழைப்பும் கிடையாது. நகை மட்டும் இருக்கிறது.

சடங்கு முடிந்து பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போனாள், நடந்து. சைக்கிள் தம்பிக்குப் போய்விட்டது. 'பெரியவளாயிட்டா, இனிமே எதுக்குடா சைக்கிளு?' என்றாள் அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை. கிரீடம் பீரோ மேலே கிடக்கிறது. நம் விமர்சனத்தை அந்தப் பேனரில் இருந்த ஆண்களின் படங்களிலிருந்து, முதலில் என் படத்திலிருந்து, தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஒரு இளவரசிக்குப் பதில் இன்னொரு இளவரசியைத் தேடிக்கொண்டேதான் இருப்போம்.