காஃப்காவின் ‘விசாரணை’யும் நம் கந்தோர்களும்

பிரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’ என்னும் நாவலை முற்போக்கு வாசகர் கையிற் கொடுக்கத் தயங்குவோர் நம்மிடையே இன்னும் உளர். நம்பிக்கை வறட்சி, தனிமனிதப் புலம்பல், மேற்குலகின் நோய் என்று கூறி அதனை ஒதுக்கிவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. அவ்வழக்கத்துக்குப் பெரியதோர் ஆதரவும் இருந்தது. ஹங்கேரிய மார்க்சிய விமர்சகர் லூக்காச் 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட நூலொன்றில் காஃப்காவையும் தோமஸ் மானையும் எதிரெதிரே நிறுத்தி, மானின் பக்கமே தீர்ப்பளித்தார். காஃப்கா உணர்ந்த அச்சம் மெய்யானது. ஆயின் அதனை வரலாற்றினின்றும் பிரித்து உலகின் மாறா இயல்பாக்கிவிட்டார் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

தீவகத்து நாரந்தனையில் இருந்து இந்நாவலைப் படிக்கும் நமக்கு அவ்வாதம் பாதியே பொருந்துகின்றது.

1914 ஆகஸ்டில், உலகப் போர் மூண்ட சில வாரங்களுள், காஃப்கா இதனை எழுதத் தொடங்கினார், முடித்தாரல்லர். 1924இல் அவர் இறந்தபின், எரித்துவிடும்படி கேட்டிருந்ததை மீறி நண்பர் மக்ஸ் புரோட் 1925இல் வெளியிட்டார். ஜெர்மன் மூலத்திலிருந்து ஏ.வி. தனுஷ்கோடி செய்த தமிழாக்கம் 1992இல் க்ரியா வெளியீடாக வந்தது. வங்கி உயர் அலுவலனான யோசப் கே. தன் முப்பதாவது பிறந்தநாட் காலையிற் கைது செய்யப்படுகிறான். குற்றம் யாதென எவரும் கூறார். முப்பத்தோராவது பிறந்தநாளின் முன்னிரவில் அவன் கொல்லப்படுகிறான். கதை இவ்வளவே.

இதனைக் கொடுங்கனவு என்பர். எமக்கோ இதன் வலிமை கனவில் இல்லை, விவரங்களில் இருக்கின்றது. கைது செய்ய வந்த காவலர் கைதியின் காலையுணவை உண்கின்றனர். அவன் உள்ளாடையிலும் கண் வைக்கின்றனர். நீதிமன்றம் மாளிகையில் இல்லை. ஏழைகள் குடியிருக்கும் தொடர்மாடியில், துணி துவைப்பவளின் அறையைக் கடந்து செல்லவேண்டிய இடத்தில் இருக்கின்றது. முதல் விசாரணையில் சபை இரு கட்சியாகப் பிரிந்து நிற்பதாக எண்ணிக் கே. முழங்குகிறான், பின்னரே எல்லார் சட்டைக் கழுத்திலும் ஒரே சின்னம் இருப்பதைக் காண்கிறான். இவற்றை எழுதியவர் கந்தோரை வெளியே நின்று பார்த்தவரல்லர். 1908 முதல் 1922 வரை பிராகா நகரில் தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிறுவனத்திற் பணியாற்றியவர். இயந்திரத்தில் விரல் இழந்தோரின் கோவைகளைக் கையாண்டவர். அத்தொழிலாளர் நிறுவனத்தை அடித்து நொறுக்காமல் கெஞ்சிக்கொண்டு வருகிறார்களே என்று அவர் வியந்ததாகப் புரோட் பதிவு செய்கிறார். நம் விமர்சகர் பலர் இப்பதிவைக் கவனிக்காது விட்டது விந்தையே.

கே.யும் ஓர் அதிகாரியே என்பதை மறத்தலாகாது. தன் வழக்கை எண்ணி அவன் அறைக்குள் மயங்கியிருக்க, வங்கிக்கு அலுவலாக வந்தோர் வெளியே மணிக்கணக்கிற் காத்திருக்கின்றனர். காத்திருக்க வைப்பவனே காத்திருப்பவனாகின்றான். இந்த முரணை ஆசிரியர் விளக்கவில்லை, காட்டிவிட்டு நகர்கிறார்.

லூக்காச் கூறியதிற் பொருந்தும் பாதிக்கு வருவோம். நாவலின் சட்டத்துக்கு ஆண்டும் இலக்கமும் இல்லை. நம் நாட்டுச் சட்டங்களுக்கு அவை உண்டு. 1956இன் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தின் பின், வாசிக்கவியலாத மொழியில் அரசாங்கக் கடிதம் வீடு வந்து சேர்வது தமிழருக்குப் புதுமையாயிருக்கவில்லை. 1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் மூன்றாண்டுக்கென வந்து 1982இல் நிரந்தரமாயிற்று. அமைச்சரின் கையொப்பத்தில் ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. உயர் பொலிஸ் அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தையே சான்றாக்கிற்று. 2022இல்தான் பதினெட்டு பன்னிரண்டாகக் குறைந்தது. இவற்றை அறிந்த வாசகன், நாவலில் இல்லாத ஆண்டையும் இலக்கத்தையும் தானே இட்டு நிரப்பிக்கொள்வான். ஆசிரியர் விட்ட இடைவெளி, ஒடுக்கப்பட்டோர் கையிற் பயனாகின்றது.

1990களின் தொடக்கத்தில் தீவகமே இடம்பெயர்ந்தது. காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வீட்டோடு போயின. திரும்பி வந்தவர்கள் தம் காணி தமதே என்று காட்டக் கிராம அலுவலரின் கடிதம், சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி, ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகம், பண்ணைத் தாம்போதி கடந்து யாழ்ப்பாணக் கச்சேரி என அலைந்தனர். ஓவியன் தித்தொரெல்லி கே.க்கு மூன்று வழி கூறுகிறான்: மெய்யான விடுதலை, தோற்றமான விடுதலை, முடிவின்றித் தள்ளிப்போடுதல். முதலாவதை அவன் கண்டதேயில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் முன் வைக்கப்பட்டவையும் இவை போன்றனவே. உண்மை கிட்டவில்லை. மரணச் சான்றிதழைப் பெறலாம் என்றனர். 2016இன் திருத்தத்தின் பின், ஆள் காணப்படவில்லை என்னும் சான்றிதழைப் பெறலாம் என்றனர். பிள்ளையைக் கேட்டவளுக்குப் படிவம் நீட்டப்பட்டது.

முற்போக்காளராகிய நாம் நம் பக்கத்தையும் நோக்கவேண்டும். 1963இல் பிராகாவுக்கு அண்மையில் லிப்லிசேயிற் கூடிய மார்க்சியர் காஃப்காவை மீட்டெடுக்க முயன்றனர். அம்மாநாட்டை முன்னின்று நடத்திய எடுவார்ட் கோல்ட்ஸ்டுக்கர், சோசலிச அரசொன்றின் சிறையில் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் ஆண்டுகள் கழித்தவர். முதலாளித்துவத்தின் கந்தோரை மட்டுமே இந்நாவல் சாடுகிறது எனக் கூறி நாம் தப்பிக்கொள்ள இயலாது.

நாவலோடு நாம் முரண்படும் இடமும் உண்டு. ஐந்தாண்டாக வழக்காடும் வணிகன் புளொக், வழக்கறிஞரின் படுக்கையருகே மண்டியிட்டு அவர் கையை முத்தமிடுகிறான். குற்றஞ்சாட்டப்பட்டோர் கூடிச் செயற்பட்டு இந்நீதிமன்றத்தின் முன் எதையும் சாதிக்க முடியாது என்று கே.க்குச் சொல்பவனும் அவனே. கே. அதனை மறுப்பதில்லை, நாவலும் மறுப்பதாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே வழக்கு என்பதை எவரும் உணராத உலகம் அது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் படங்களுடன் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். ஒவ்வொருத்தியின் கோவையும் வெவ்வேறு, கேள்வி ஒன்றே. விடை பெறாமலே இறந்தோர் அவர்களுட் பலர். எனினும் புளொக்கின் கூற்றை அவர்கள் ஏற்றிலர்.

நாவலைப் படிக்கும் மாணவர், வாயிற்காவலன் கதை வரும் தேவாலய அத்தியாயத்துக்கே பெரும்பாலும் விரைகின்றனர். புளொக் வரும் அத்தியாயத்தை அதற்கு முன் இருமுறையேனும் படித்தல் நன்று.