எட்டுக்கால் சிப்பின் கணக்கு

2012-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230 லேப்டாப்பில் கீபோர்டையும் கை வைக்கும் பலகையையும் கழற்றினால் ஃபர்ம்வேர், அதாவது கணினியை எழுப்பும் நிரல், இருக்கும் இரண்டு எட்டுக்கால் சிப்கள் தெரியும். ஒன்று 8 எம்பி, மற்றது 4 எம்பி. கிளிப்பால் கவ்வி, ஒரு ராஸ்பெர்ரி பை வழியாக அவற்றில் கோர்பூட் என்ற திறந்த ஃபர்ம்வேரை எழுதிவிடலாம். ஒரு சாயங்காலமும், கிளிப் நழுவிவிடுமோ என்ற பதைப்பும்தான் செலவு. இதை வைத்துத்தான் பலர் ‘திறந்த ஃபர்ம்வேர் இலவசம்தானே, கம்பெனிகள் போட்டுத் தந்தால் என்ன?’ என்கிறார்கள்.

நிரல் இலவசம்தான். 1999-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ரான் மின்னிச் ‘லினக்ஸ்பயாஸ்’ என்று தொடங்கியது இது. ஆனால் ஒவ்வொரு மதர்போர்டுக்கும் அதைப் பொருத்துவது தனி வேலை. மெமரி விழிக்க வேண்டும், பேட்டரி அளவு சரியாகத் தெரிய வேண்டும், மூடினால் தூங்கித் திறந்தால் எழ வேண்டும். (கடைசி வேலைதான் ஆளைக் கொல்லும்.) ஒரு மாடலுக்கு 50 லட்ச ரூபாய் ஆகிறதென்று வையுங்கள். ஆயிரம் லேப்டாப் விற்றால் தலைக்கு 5,000 ரூபாய். பத்து லட்சம் விற்றால் 5 ரூபாய். கூகுளுக்கு இது கட்டுப்படியாவது இதனால்தான்: ஒரே மாதிரிப் பலகையிலிருந்து கோர்பூட்டில் ஓடும் பல கம்பெனிகளின் குரோம்புக்குகள் பிறக்கின்றன. 2019 முதல் கோர்பூட்டுடன் லேப்டாப் விற்கும் சிஸ்டம்76 என்ற கம்பெனி, கிளெவோ போன்ற தயாரிப்பாளரின் உடலை வாங்கி வடிவமைப்புச் செலவைத் தவிர்க்கிறது. ஆனாலும் பொருத்தி முடித்து மூச்சுவிடுவதற்குள் இன்டெல் அடுத்த தலைமுறையை இறக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் முழுச் சுதந்திரம் கிடைப்பதில்லை. புதிய இன்டெல் லேப்டாப்பில் மெமரியை எழுப்புவது இன்டெல் தரும் எஃப்எஸ்பி என்ற மூடிய நிரல்தான். விளம்பரத்தில் ‘திறந்த’ என்று எழுதுபவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

திறந்த ஃபர்ம்வேரின் பலன் தெரிவது விற்ற பிறகு. 2023-இல் வெளிவந்த லோகோஃபெயில், பூட் ஆகும்போது காட்டும் லோகோப் படத்தின் வழியே புகுந்த ஓட்டை. மூடிய ஃபர்ம்வேரில் அதற்குத் திருத்தம் தயாரிப்பாளரிடமிருந்தே வர வேண்டும். ஆதரவு முடிந்த லேப்டாப்பைச் சீந்துவாரில்லை. திறந்ததாக இருந்தால் மற்றவர்களே திருத்தலாம். கடையில் நிற்பவர் இதற்கெல்லாம் விலை போட்டுப் பார்ப்பதில்லை. அதனால் கம்பெனிக்கும் இதில் வருமானமில்லை.

ஆகவே எல்லாக் கம்பெனியும் திறந்த ஃபர்ம்வேர் எழுத வேண்டும் என்று கேட்பது வீண். தடுக்காமல் இருந்தால் போதும் என்று கேட்கலாம். 2013-இல் வந்த, இன்டெலின் ‘பூட் கார்ட்’ என்ற பாதுகாப்பை ஒரு கம்பெனி இயக்கிவிட்டால், அதன் சாவியின் தடம் ஃபியூஸாக எரிக்கப்பட்டுவிடும். அதன் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேர் ஓடாது. திருடனுக்கு அது நல்ல பூட்டு. ஆனால் பின்னாளில் மனம் மாறினாலும் எரிந்த ஃபியூஸைத் திருப்ப முடியாது. பழைய குரோம்புக்குகள் பலவற்றிலும் ஃபர்ம்வேரை மாற்றி எழுதத் தடை இருந்தது. ஆனால் அதை நீக்க, அடிமூடியைத் திறந்து ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும்.